காளவாசலுக்குக் கடைசியாக வந்த பக்கம்

நாற்பத்து மூன்று நிமிடம். மாதத்தில் அவ்வளவு நேரம் எங்கள் வெப்சைட் பக்கம் உலகத்தில் எங்குமே இருக்காது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டுக்கு வாடகை இடம், எடுத்தபோது தந்த தாளில் ‘99.9 சதவீதம் அப்டைம்’ என்று, பக்கம் திறந்திருக்கும் நேரத்தை அச்சடித்திருந்தது. எல்லோர் கண்ணிலும் அந்தத் தொண்ணூற்று ஒன்பதுதான் படும். என் கண்ணில் மீதிதான் பட்டது. கால்குலேட்டரில் தட்டினேன். முப்பது நாளில் நாற்பத்து மூன்று நிமிடம். அது எந்த நாள், எந்த வேளை என்று தாளில் இல்லை.

அப்போது மதுரை காளவாசலில் ஒரு மாடியில் எங்களுக்கு பிரவுசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், எட்டு பிளைவுட் தடுப்பு, எட்டு நீலத் திரை. என் வீட்டுக்காரர் மில் வேலைக்குப் போய்விடுவார், பகலெல்லாம் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் பாதிதான் பிடிபடும். அதனால் ஒரு நோட்டு வைத்திருந்தேன். கஸ்டமர்கள் வாயில் வரும் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே எனக்குப் புரிந்ததை எழுதுவேன். டொமைன்: பெயர். வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். ஷேர்டு ஹோஸ்டிங் என்பதற்கு எதிரே ‘லைன் வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய்’ என்று எழுதினேன். எழுதிய அன்று முழுக்க, பக்கத்து வீட்டில் எப்படிப்பட்டவர்கள் குடியிருக்கிறார்களோ என்ற யோசனைதான்.

இதெல்லாம் என் சிநேகிதிக்காக. தையல் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்கு போன் போட்டால் அவர்கள் பாஷையில் மடமடவென்று பேசுவாள், நடுநடுவே வரும் ‘வெப்சைட்’ மட்டும் எனக்குப் புரியும். துணிக்கு டிசைன் வரைவாள். எட்டாம் நம்பர் மெஷின் கிட்டத்தட்ட அவளுடையதுதான். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைனர் வேலைக்குக் கேட்டிருந்தாள். கம்பெனிக்காரர் நல்ல மனிதர், உள்ளதைச் சொல்லிவிட்டார். முடிவு அவர் கையில் இல்லையாம். கடல் தாண்டி இருந்து துணி வாங்கும் பையரம்மா டிசைன்களைப் பார்த்துச் சரி என்றால்தான் வேலையாம். அந்தக் காலத்து மெயில் பெட்டிக்கு நாலு படம் அனுப்பினாலே மூச்சு வாங்கும். அதனால் நாற்பது டிசைனையும் வெப்சைட்டில் போட்டு வைக்கச் சொன்னார். அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை, அந்த அம்மாவுக்குக் காலை, நமக்கு மத்தியானம் இரண்டரை. அப்போது ஒரே ஒரு தடவை பார்ப்பார்கள்.

“இது கிடைக்கலைன்னா எங்கண்ணன் கடையில உக்காந்து பில்லுப் போட வேண்டியதுதான்டி, கிழவியாகுற வரைக்கும்” என்றாள். அவள் அண்ணனும் கடையில் நாற்காலி போட்டு வைத்து, காத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் அறை எடுத்து ஹோஸ்டிங் விற்றுக்கொண்டிருந்த தம்பியிடம் இடம் வாங்கினோம். அவர் அமெரிக்காவில் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஊரில் சில்லறையாக விடுபவர்.

“சர்வர் அங்கயா இருக்கு? அங்க கரண்டு போகாதா தம்பி?”

“நம்ம மதுரைன்னு நெனச்சீங்களாக்கா?”

“சரி, மாசம் ஐந்நூறு எம்பி பேண்ட்விட்த்துன்னு போட்டிருக்கே. யாராச்சும் பாக்கப் பாக்க அது கொறையுமா?”

“கொறையும். ஆனா தீராதுக்கா. புது சைட்டுக்கு அம்புட்டுப் பேரு யாரு வரப்போறா?”

படங்களை ஏற்றி முடித்த புதன்கிழமை, முதல் பக்கம் திரையில் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஆறு டிசைன், கீழே ஒரு கவுண்டர். எத்தனை பேர் வந்தார்கள் என்று அதுவே எண்ணும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்த நாற்பத்து மூன்று நிமிடக் கவலைதான். பக்கம் இருக்கிறதா, போய்விட்டதா? ஒவ்வொரு தடவையும் அட்டைப் பெட்டியைத் திறந்து பூனைக்குட்டியைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் எட்டு மெஷினிலும் அதையே ஹோம்பேஜாக வைத்துவிட்டேன். யார் வந்து உட்கார்ந்து எதைத் திறந்தாலும் முதலில் அவளுடைய பக்கம் வரும். வந்தால் இருக்கிறது என்று அர்த்தம். நான் என் இடத்திலிருந்தே தடுப்புகளின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

“யக்கா, மெயில் பாக்க வந்தா சேலைக்கடையைக் காட்டுறீங்க?” என்றார் ஒருவர்.

“காசா கேட்டேன்? சும்மா பாருங்கண்ணே.”

கவுண்டர் ஓடியது. இரண்டாம் நாளே நூறைத் தாண்டியது. வாரம் முடிவதற்குள் ஐந்நூறு. அப்போது நாங்கள் பரவையில் குடியிருந்தோம். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வயல்கள் மஞ்சளாகி மங்குவதைப் பார்த்தபடி, அந்த ஐந்நூறு பேரை நினைத்துக்கொண்டு போவேன். யார் அவர்கள்? பினாங்கில் ஒரு பெண் சமையலுக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறாள். பனி பெய்யும் ஊரில் கோட்டுப் போட்ட ஒருவர் மாங்காய் டிசைனில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறார். அமெரிக்காவில் குளிர வைத்த ஓர் அறை. அதில் இவள் வரைந்த அலைகள் விளக்கு மினுங்கும் ஒரு பெட்டிக்குள் படுத்திருக்கின்றன. யாரோ கேட்கிறார்கள், உடனே எழுந்து கடலுக்கு அடியில் நடந்து போகின்றன. காய்கறி மார்க்கெட் வாசலில் கண்டக்டர் விசிலடித்து, “இறங்கலையாம்மா?” என்று கேட்கும்வரை எனக்கு நினைவு வராது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆயிரத்தைத் தொட்டது. அவள் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னாள். அவள் பாஷையில் ஆயிரத்துக்கு என்ன வார்த்தை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதையே நாலு தடவை சொன்னாள். அவள் அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி, முதல் மெஷினைப் போட்டேன். டிசைன் வரவில்லை. வெள்ளைப் பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி. எழுத்துக் கூட்டினேன். பேண்ட்விட்த் லிமிட் எக்ஸீடட். இரண்டாவது மெஷினிலும் அதே வரி. எட்டிலும் அதே வரி.

ஆரப்பாளையத்துக்கு போன் போட்டேன்.

“ஐந்நூறும் காலிக்கா” என்றார் தம்பி. “எப்படின்னு பாத்துட்டுத்தான் இருக்கேன். இருங்க... வந்தது எல்லாமே ஒரே எடத்துல இருந்து. ஐபி அட்ரஸ் ஒண்ணுதான்.”

“எந்த ஊரு?”

“யக்கா, அது உங்க சென்டர்.”

எட்டு திரையையும் திரும்பிப் பார்த்தேன். அவரே கேட்டார்: “ஒரு தடவை பாத்தா படம் உங்க மெஷின்லயே தங்கிரும். மறுபடி இங்கருந்து எடுக்காது. நீங்க என்ன பண்றீங்க?”

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு கஸ்டமரும் எழுந்து போனதும் ஹிஸ்டரி, டெம்பரரி ஃபைல் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். யார் எதைப் பார்த்தார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியக் கூடாது, அது தொழில் மரியாதை. சென்டர் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் விட்டதில்லை. அதோடு அவளுடைய ஆறு டிசைனும் அழிந்திருக்கிறது. அடுத்த ஆள் உட்கார்ந்ததும் மறுபடி அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருக்கிறது. பக்கம் அரை எம்பி. எட்டு மெஷின். மெஷினுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். பத்து நாள்.

பினாங்குப் பெண்ணும் இல்லை, கோட்டுக்காரரும் இல்லை.

“கூட்டிக் குடுக்க முடியாதா தம்பி? ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒம்போது நாள் கெடக்கே.”

“எனக்கு அமெரிக்காக்காரன் அளந்து விட்டதே முடியப்போகுதுக்கா. ஒரு வழி இருக்கு. வேற கம்பெனியில புது சர்வர் எடுத்திருக்கேன், அதுக்கு மாத்திரலாம். ஆனா நேம்சர்வர் மாத்தணும். இந்தப் பேரு இனிமே இந்த வீட்டுலன்னு உலகம் பூராவும் தெரியிறதுக்கு நாப்பத்தெட்டு மணி நேரம்பாங்க. சில ஊருக்குச் சீக்கிரம் தெரியும், சில ஊருக்கு மெதுவாத்தான். பேக்கப் வச்சிருக்கீங்களா?”

சிடியில் ஒன்று, ஃப்ளாப்பிகளில் ஒன்று, வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு சிடி. வைத்திருந்தேன்.

மணி பதினொன்று. திங்கட்கிழமை இரண்டரைக்கு இன்னும் ஐம்பத்தொன்றரை மணி நேரம். மூன்றரை மணி நேரம் மிச்சம் என்று என் மனசு கணக்குப் போட்டது. போட்டவுடனேயே அதை நம்பாமல் மறுபடி போட்டது.

அவள் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். எட்டு மெஷினிலும் ஹோம்பேஜை எடுத்துவிட்டு, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரியும்.

“அந்த ஆயிரம் பேரும் நாமதான்டி. நான்தான்.”

அவள் திரையைப் பிடித்தபடி நின்றாள்.

“அப்ப யாருமே பாக்கலையா?”

“மெயில் பாக்க வந்தவுக எல்லாம் பாத்தாக. ஒருத்தர் உள்ள தொறந்து பாத்து, அந்த டயர்த் தடம் டிசைன் நல்லாருக்குன்னு சொன்னாரு.”

“எங்கண்ணன் தெரு பூரா சொல்லிட்டான்.” என் பக்கம் திரும்பி, “மகராசி, நீ கவலைப்பட்டதுக்கு நான் நாசமாப் போறேன் பாரு” என்றாள். சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. பிறகு எட்டாம் நம்பரில் உட்கார்ந்து, “சிடியைக் குடு” என்றாள். நாற்பது படத்தையும் ஒவ்வொன்றாகப் புது சர்வருக்கு ஏற்றி, கவுண்டரையும் பூஜ்யத்திலிருந்து வைத்தோம். நான் படிக்க, அவள் அனுப்ப, சாயங்காலம் ஆனது.

ஞாயிறு முழுக்க எங்கள் மெஷினில் அந்தப் பழைய வெள்ளைப் பக்கம்தான். அவளுடைய பெயர் இப்போது எந்த ஊரில் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தபடியே வீட்டில் புளி கரைத்தேன். ஏதோ ஒரு தீவில் அதற்கு வழி சொல்ல ஆள் இருக்குமோ? ஒரு பாலைவனத்தில் விடியும்போது, இந்தப் பெயர் வீடு மாறிவிட்டது என்று ஒரு கம்பியிடம் இன்னொரு கம்பி மெதுவாகச் சொல்லுமோ? பயமும் அழகும் சேர்ந்த ஓர் உணர்ச்சி. காய்ச்சலில் படுத்திருக்கும்போது விட்டத்தில் ஊர்கள் தெரியுமே, அதைப் போல.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கும் எங்களிடம் வெள்ளைப் பக்கம்தான். தெருவில் வெயில் கண்ணை எடுத்தது. சென்டரில் வேறு யாரும் இல்லை.

“இங்க தெரியலன்னா அங்கயும் தெரியலன்னு ஆகாதுக்கா” என்றார் தம்பி போனில். “யாராச்சும் வந்தா லாக்ல, அதான் சர்வரோட வருகைப் பதிவுல, விழும். நான் பாத்துட்டேதான் இருக்கேன். நேத்து சோதிக்க ஒரு தடவை நான் தொறந்தேன், அது ஒண்ணு. வேற ஆளு இன்னும் வரல.”

இரண்டரை ஆனது. இரண்டு நாற்பது ஆனது. அவள் நகத்தைக் கடிக்கவில்லை, நான்தான் கடித்தேன். ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவே பிடித்திருந்தேன்.

“யக்கா. வந்துட்டாங்க.”

“யாரு?”

“தெரியல. வெளிநாட்டு ஐபி. முதல் பக்கம் எறங்கிருச்சு. இப்ப ஒண்ணொண்ணாத் தொறக்குறாங்க. மாங்கா ஒண்ணு. மாங்கா ரெண்டு. அலை.”

நாங்கள் படங்களுக்கு வைத்த பெயர்களை அவர் படித்துக்கொண்டே போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். ஏசி ஓடும் சத்தம் மட்டும். அகல். சோழி. பாத்தி. பெயர் வர வர, அந்த டிசைன் இருட்டுக்குள் விரிந்து, கொஞ்சம் நின்று, அடுத்ததற்கு வழி விட்டது. முகம் தெரியாத ஓர் அம்மாவின் கண்ணால் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பதினேழு. டயர்.”

அது கோடை மழைக்குப் பிறகு காளவாசல் ரோட்டில் சைக்கிளும் ஆட்டோவும் போன தடத்தைப் பார்த்து அவள் வரைந்தது.

“பதினெட்டு. பத்தொம்போது... அதோட நின்னுட்டாங்கக்கா.”

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“கெளம்பிட்டாகளா?” என்றேன்.

“தெரியல. டீ குடிக்கிறாங்களோ என்னமோ.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டி” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். டீயைப் பற்றிப் பேசியது நானில்லை, தம்பிதான். அவரும் வாயை மூடிக்கொண்டார்.

“இருபது” என்றார் பிறகு. நாற்பது வரைக்கும் போனார்கள். முடிந்தது என்று ரிசீவரை நகர்த்தப் போனேன்.

“இருங்கக்கா, டயர் படத்த மட்டும் திரும்பக் கேக்குறாங்க. முழுசா இன்னொரு தடவை எறக்குறாங்க. சேவ் பண்றாங்க போல.”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மேசையில் கிடந்த என் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் டயர் தடத்தைச் சின்னதாகப் பேனாவால் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பூரிலிருந்து போன் வந்தது. ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொன்னார்கள். அவள் வீட்டுக்குச் சொல்ல ஓடினாள், ஒரு செருப்பு மாடிப்படியிலேயே கிடந்தது.

அவள் போன பிறகு எட்டாம் நம்பரில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, அந்த முகவரியை அடித்தேன். மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. மாங்காய், அலை, அகல். உலகமெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகக் காளவாசலுக்கு வந்திருந்தது. கீழே கவுண்டர் இருந்தது.

மூன்று.