ஓடை வழியே ஒரு ஜீப் பாதை

"மெல்ல கேறு மக்கா" என்று தன் ஜீப்பிடம் சொல்லிவிட்டுத்தான் சிவதாணு முதல் கியரைப் போடுவார். செருப்பு சீட்டுக்கு அடியில் கிடக்கும், வெறுங்காலால்தான் ஓட்டுவார். பிரேக்கைக் கால் அறிய வேண்டும் என்பது அவர் கட்சி. கேரள எல்லையில் பனச்சமூடு ஜங்ஷனில் போலீஸ் கைகாட்டினால் மலையாளம் பேசுவார், ரப்பர் ஷீட் ஏற்ற வருகிறவர்களிடம் இரண்டும் கலந்து, வண்டியிடம் மட்டும் ஊர்த்தமிழ். ஆளில்லாத வளைவிலும் ஹாரன் அடிப்பார். கேட்டால், "பன்னிக்கும் செவி உண்டுல்லா" என்பார்.

முட்டங்குழிக் காட்டில் ஜீப் பாதை வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான். ஷீட்டும் சிமென்டும் சுமந்த வண்டி இனி சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும். வழி பார்க்க வந்த வனத்துறை ரேஞ்சருடன் அவரும் கூடவே நடந்தார். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாறைமேட்டு வழி; கரடுமுரடு, பார்க்க ஒன்றுமில்லை. மற்றது ஓடையைக் குறுக்கே கடப்பது. ரேஞ்சருக்கு மேட்டுவழியில்தான் விருப்பம். சிவதாணு விடவில்லை. வருகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் தெறிக்க வேண்டும், அதற்குத்தானே வருகிறார்கள் என்று நடை நெடுகச் சொல்லிச் சொல்லி ரேஞ்சரின் மனதைக் கரைத்துவிட்டார். மரங்களில் சுண்ணாம்பு அடையாளம் போட்டதும் சிவதாணுவின் கைதான்.

ஊர்க்கூட்டத்தில் விஜயம்மா மட்டும் எழுந்து நின்றார். மலையடியில் இருக்கும் ஏழெட்டு வீடுகளில் அவருடையதும் ஒன்று. ஓடையோரத்து ஊற்றிலிருந்து ஓஸ் குழாய் போட்டுத்தான் அங்கே எல்லாரும் குடிக்கிறார்கள். வண்டி இறங்கினால் குடிக்கிற வெள்ளம் கலங்காதா என்று கேட்டார்.

"வண்டி கடந்து போனா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும் அக்கா," என்றார் சிவதாணு. "நான் பொறுப்பாக்கும்."

விஜயம்மா உட்கார்ந்துவிட்டார். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஜீப் அது. அதை ஓட்டியவர் சொன்னால் நம்பாமல் எப்படி?

முதல் கோடை நன்றாகத்தான் போயிற்று. மழை பிடித்ததும் வெளியூர்க்காரர்கள் பெருஞ்சக்கர வண்டிகளோடு வந்தார்கள். அவர்கள் ஓடையைக் கடக்கவில்லை. ஓடைக்குள் நின்று சக்கரத்தைச் சுழற்றினார்கள். சிவதாணு கரையில் நின்று கைகூப்பிப் பார்த்தார். அதையும் மொபைலில் படம் பிடித்தார்கள். கரை இடிந்தது. ஊற்றுக்குழி சேறாயிற்று. ஓஸில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

பாதையை மூடச் சொல்லி அவரே ரேஞ்சரிடம் போய் நின்றார். மூடினார்கள். டிரிப் இல்லாமல் போன கோபத்தில் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் இன்றும் அவரைச் சாயாவுக்குக் கூப்பிடுவதில்லை. அது அவருக்குப் பெரிதில்லை. மலையில் பெய்கிற மழை இப்போது ஊற்றுக்கு இறங்காமல் டயர் தடத்திலேயே ஓடிப்போகிறது. அதைத்தான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறார். "வண்டிக்க வழிய அடைச்சாச்சு. வெள்ளத்துக்க வழிய இனி யாரு திருப்புகது?"

காலையில் தன் வீட்டுக் கிணற்றில் கேன்களை நிரப்பி அந்த வீடுகளுக்குக் கொண்டுபோகிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. விஜயம்மா அவரை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று சிவதாணுவுக்குத் தோன்றும்.

நேற்று கேன்களை இறக்கிவைத்துவிட்டுத் தோர்த்துத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, விஜயம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடி மக்கா. நல்ல வெயிலுல்லா."

மறுக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். விஜயம்மா உள்ளே திரும்பும்வரை காத்திருந்து, கேனின் மூடியைத் திறந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீரைத் திரும்ப ஊற்றினார்.