இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

வருஷக்கணக்காகச் சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைத்தவன் திடீரென்று ரத்தக்காட்டேரி நாவல் எழுதினால், அதையும் சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், சர்க்கரைக்கு ஒரு மாத்திரையும் ரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் விழுங்கிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். அடையாற்றின் கரையில் ஒரு பாழடைந்த பங்களா. அதில் ஒரு வீணை வித்வான். விளக்கு வைத்த பிறகுதான் பாடம் சொல்லித் தருவார். கற்றுக்கொள்ள வரும் பெண்ணின் கழுத்து மேல் அவருக்கு ஒரு கண். கண் மட்டுமில்லை, பல்லும்.

புத்தகம் வெளிவந்ததும் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தி. நகரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஃபோன் செய்தார். "ரெண்டு தரம் படிச்சேன். ரெண்டாவது தரம் ரூம் கதவைச் சாத்திட்டுப் படிச்சேன். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்று வைத்துவிட்டார். மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்புச் செயலாளர், லிஃப்டில் நான் நிற்பதைப் பார்த்ததும் படியில் ஏறிப் போனார். அவர் வீடு நான்காவது மாடி. அடையாறிலிருந்து ஒரு பழைய இன்ஜினீயர் தொழில்நுட்பக் குறைகளை அனுப்பினார். கூப்பிடாமல் காட்டேரி வீட்டுக்குள் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் தெருவில் கூப்பிடாமல் வருகிறவர்கள்தானே அதிகம் என்று கேட்டிருந்தார். ராயப்பேட்டையில் பைண்டிங் செய்துகொடுத்த பாய்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தவர்.

"இன்னா சார் இப்டி எழுதிட்ட. பசங்க வேலைய உட்டுட்டு படிச்சிக்கினு கீறானுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "முழுசுமா?"

"முழுசு யாரு படிச்சா. ஏழாவது அத்தியாயம் மட்டும்தான். மீதிய ஒருத்தனும் சீண்டல."

சண்டை முழுவதும் அந்த ஏழாவது அத்தியாயத்தைப் பற்றித்தான். பிடித்தவர்களுக்கு அதுதான் பிடித்தது. காறித் துப்பியவர்களும் அதன் மேல்தான் துப்பினார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தின் உயிரான பத்தி என்னுடையது இல்லை.

எனக்கு ஒரு நண்பன். கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது மயிலாப்பூரில் ஆடிட்டர். தினமும் காலையில் பூங்காவில் அவனோடு நடப்பேன். நடந்து குறைத்ததை அப்புறம் அவன் வீட்டில் காபி குடித்து ஈடுகட்டுவேன். நாவலை ஒவ்வொரு அத்தியாயமாகப் பூங்கா பெஞ்சில் வைத்து அவனுக்குத்தான் படித்துக் காட்டினேன். ஏழாவதில் நான் எழுதியிருந்தது மூன்றே வாக்கியம். அவர் குனிந்தார். அவள் கண்ணை மூடினாள். தம்புரா விழுந்தது.

"என்னடா இது? கொசு கடிச்சாக்கூட இதைவிட ஜாஸ்தி எழுதலாம்," என்றான் அவன்.

"இதுக்கு மேல எனக்கு வராதுடா."

"தலைக்குக் குளிச்சுட்டு வர பொம்மனாட்டி எப்படி இருப்பான்னு பார்த்திருக்கியா?"

"நானும் கல்யாணம் ஆனவன்தான்."

"பார்த்திருக்க மாட்டே. பேப்பர் படிச்சிண்டிருந்திருப்பே. எழுதிக்கோ."

எதிரே ஒரு கும்பல் கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. அவன் அவர்களைப் பார்த்தபடி, ஆனால் அவர்களைப் பார்க்காமல், சொல்லிக்கொண்டே போனான். ஈரத் தலையைத் துண்டோடு சேர்த்து முடிந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பது. பிடரியில் ஒட்டிக்கொண்ட சுருள் முடி. இடது காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு மச்சம். அந்த மச்சத்தின் மேல் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர். சொன்னபடியே எழுதிக்கொண்டேன். கடிப்பதற்கு முன் வித்வான் அந்தச் சொட்டைக் குடிப்பது மட்டும் என் சொந்தச் சரக்கு.

முன்னுரையில் அவனுக்கு நன்றி சொல்கிறேன் என்றேன். "ஐயையோ, கிளையண்ட்லாம் படிப்பா. என் பேரே வரப்படாது," என்றான். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்த சில நாளில் அவன் வீட்டில் ஒரு மாற்றம். அவன் மனைவிதான் எப்போதும் காபி கொண்டுவந்து வைப்பார். "சர்க்கரை போடலை, மூஞ்சியச் சுளிக்காமக் குடிக்கணும்" என்று மிரட்டிவிட்டு, பத்து நிமிஷம் நின்று ஊர்வம்பு பேசிவிட்டுப் போவார். இப்போது டம்ளரை அவனே எடுத்துவந்தான். உள்ளே மிக்ஸி ஓடியது. ஆள் வெளியே வரவில்லை. கேட்டால் மூட்டுவலி என்றான். நானும் நம்பி, என் மாமியாரின் வலிக்குக் கேட்ட ஒரு தைலத்தை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தைலத்தை நானே குடித்திருக்கலாம்.

அப்புறம் மயிலாப்பூரில் விமர்சனக் கூட்டம். ஏற்பாடு செய்தவனே அவன்தான். இந்தக் கூட்டங்களில் ஒரு நடைமுறை உண்டு. எழுதியவனுக்குச் சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைப்பார்கள். பேச வந்தவர்கள் வரிசையாக எழுந்து அவனைப் போட்டு மிதிப்பார்கள். அவன் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஏற்புரை என்று ஒன்று அவன் பங்குக்கு வரும். அதில் மிதித்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தூக்குத் தண்டனையில்கூடக் கயிற்றுக்கு நன்றி சொல்லச் சொல்வதில்லை.

முதலில் தலைமையாசிரியை பேசினார். "காமம் இல்லாத ரத்தக்காட்டேரிக்குப் பேர் ரத்தப் பரிசோதனை நிலையம்," என்றார். கூட்டம் சிரித்தது. அடுத்தது என் நண்பன்.

"நட்பு வேறு, இலக்கியம் வேறு," என்று ஆரம்பித்தான். யாராவது இப்படி ஆரம்பித்தால் அடி நட்புக்குத்தான் என்று அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். "ஏழாம் அத்தியாயத்தைப் படித்து நான் தலைகுனிந்தேன். காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சம் வரைக்கும் வர்ணிக்கிறார். குடும்பஸ்தர்கள் நம்பி வீட்டுக்குள் விடுகிற ஒரு மனிதர், அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது."

"கரெக்ட்," என்றது ஒரு குரல்.

"இப்படிப் பார்த்தா ஒருத்தரும் ஒண்ணும் எழுத முடியாது சார்," என்றது இன்னொன்று.

"எழுத வேணாம். யாரு அழுதா?"

கூட்டம் இரண்டாகப் பிளந்து கத்திக்கொண்டிருக்க, நான் சால்வைக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். விளையாடுகிறான், கடைசியில் உண்மையைச் சொல்லிக் கைதட்டு வாங்குவான் என்று காத்திருந்தேன். அப்போது இரண்டாவது வரிசையில் அவன் மனைவி, கீழே நழுவிய கைப்பையை எடுக்கக் குனிந்தார். இடது காதுக்குப் பின்னால், மிளகளவு.

பழகிய இத்தனை வருஷத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவர் நிமிர்ந்தார், என் கண் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார், புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். குற்றம் சாட்டியவனுக்குத் தேவைப்பட்ட ஒரே அத்தாட்சியை மேடையில் உட்கார்ந்து நானே கொடுத்தேன்.

மூட்டுவலி எதுவும் இல்லை. அவர் புத்தகத்தைப் படித்திருக்கிறார். இது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். நான்தான் சொன்னேன் என்ற இரண்டு வார்த்தை இவன் வாயில் வரவில்லை. வராததோடு நிற்காமல், பாரு எப்படிக் கிழிக்கிறேன் என்று அவரைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்திருக்கிறான்.

என் ஏற்புரை வந்தது. மைக்கைப் பிடித்ததும் அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்தப் பத்தியைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், சொன்னவர் இதோ இருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் சொன்னால், அங்கே இருந்த அத்தனை பேரும் அந்தப் பத்தியின் சொந்தக்காரி யார் என்று அடுத்த நொடி திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால், பல வருஷமாக அந்த அம்மாளின் கையால் காபி குடித்துக்கொண்டே கழுத்தை மேய்ந்தவன் நான். நண்பனைப் பார்த்தேன். அவன் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு வலித்தது அவன் பேச்சு இல்லை, அந்த நிதானம்.

எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

கீழே காபி கொடுக்கும் இடத்தில் வந்து தோளைத் தொட்டான். "தப்பா எடுத்துக்காதேடா. சபைன்னா அப்படித்தான் பேசணும்."

"வீட்ல மட்டுமாவது சொல்லிடு. நீ சொல்லித்தான் எழுதினேன்னு."

"சொன்னா அவ என்னைப் பத்தி என்ன நினைச்சுப்பா?"

"என்னைப் பத்தி இப்ப என்ன நினைச்சுக்கிட்டு இருக்காங்க?"

"நீ எழுத்தாளன்டா," என்றான், ஆறுதல் சொல்லும் குரலில். "உன்னைப் பத்தி அப்படித்தான் நினைப்பா. நான் புருஷன்."

மறுநாள் முதல் பூங்காவுக்குப் போவதை நிறுத்தினேன். சர்க்கரை ஏறியது. ஒரு வாரம் பொறுத்து அவன் ஃபோன் செய்தான். அடையாறில் ஒரு வாசகர் வட்டத்தில் என் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "அங்கே பாராட்டியே பேசிடறேன். ஏழாவது அத்தியாயத்தை ஒரேயடியாத் தூக்கி வைக்கறேன். அவ வரமாட்டா." அவன் பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அதில் ஒரு துளி பொய் இல்லை. ஃபோனை வைத்துவிட்டேன், அப்புறம் எடுக்கவில்லை.

சபையில் சொல்ல முடியாததை இங்கே சொல்லியிருக்கிறேன். யார் பெயரும் இல்லை, பேட்டை, புத்தக விவரங்களையும் மாற்றிவிட்டேன். படிப்பவர்களில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது. இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கு மாதாமாதம் தபாலில் வருகிறது. அவன் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்தோடு சரி. முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் அந்த அம்மாள்தான்.