கவிதாவின் அறைத்தோழி

என் மகள் கவிதா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். போன வருஷம் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதன்பிறகு காவேரிப்பட்டினத்து வீட்டில் என்னால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஞாயிறு விடிந்தால் பஸ் ஏறி, அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் வாசலில் போய் நிற்பேன். கூட இருந்த ரேவதியைக் கூப்பிட்டு, "கடைசியா என்ன சொன்னா? நீ எப்படிக் கவனிக்காம விட்ட?" என்று அதையே கேட்பேன்.

ஒரு ஞாயிறு கத்தியே விட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். ரேவதி அவரைத் தடுத்தாள்.

"அப்பா, அன்னிக்கு எனக்கு ஓவர்டைம். முடியாதுன்னு சொல்லிட்டு ரூமுக்கு வந்திருக்கலாம். நீங்க வாரத்துக்கு ஒருவாட்டி கேக்கறீங்க. நான் தினமும் என்னையே கேட்டுக்கறேன்."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"அன்னிக்கு எனக்குத்தாம்மா போன் பண்ணா. மாங்கா லோடு ஏத்தறோம், அப்புறம் பேசறேன்னு வெச்சிட்டேன்."

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேலயும் தப்பில்லப்பா" என்றாள்.

அன்றைக்கே மனைவியிடமும் சொல்லிவிட்டேன். இன்னமும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. துக்கம் தாங்காமல்தான் அந்தப் பெண்ணை விரட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அது துக்கமில்லை, தப்பு என்மேல்தானோ என்ற பயம்.