செல்லாத ஓட்டும் ஐரிஷ் சாரும்

1. வெள்ளம் கேட்டு வந்தவர்

எழுபதுகளின் நடுவில் நான் கொச்சியில் கவுன்சில் செக்‌ஷன் கிளார்க். அஜெண்டா டைப் செய்வது, மினிட்ஸ் எழுதுவது, தேர்தல் வந்தால் ஓட்டுச்சீட்டைப் பிரித்து அடுக்குவது என் வேலை. குடியிருப்பு மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம்.

புதிதாக ஜெயித்து வருகிற கவுன்சிலர்கள் முதல் நாளில் எனக்கு எந்த நாற்காலி, வீட்டுக்கு எப்போது போன் என்றுதான் கேட்பார்கள். அப்படிப் புதிதாக ஜெயித்து வந்த ஒருவர், நாங்கள் பின்னால் ஐரிஷ் சார் என்று கூப்பிட்டவர், குடையை மடக்கிக்கொண்டு என் மேஜை முன்னால் நின்று, "வெள்ளம் எந்த வழியா போகுது?" என்று கேட்டார்.

"இப்போ வெள்ளம் ஒண்ணும் வரலையே சார், மழையே இல்லை" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒரு வெள்ளைக்காரர் தமிழில் ஆரம்பித்ததும் என் காது தமிழிலேயே நின்றுவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது குடிநீர் பைப்லைன் மேப்.

அவர் அயர்லாந்தில் பிறந்தவர். இளம் வயதில் எர்ணாகுளத்தில் ஒரு காலேஜில் கணிதம் நடத்த வந்து, குடியுரிமை வாங்கி, மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டார். அவர் எழுதும் கணிதக் கட்டுரைகளைப் பற்றி வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும். தபால்காரருக்கே அதில் பெருமை. தெருக்காரர்கள் வற்புறுத்தி, சுயேச்சையாக நிற்கவைத்து ஜெயிக்கவைத்தார்கள். தமிழை அவர் கற்றுக்கொண்டது பஜார் ரோட்டு கோடவுன்களில், மூட்டை தூக்குகிறவர்களிடம். அதனால் அதில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

2. குடத்துக்கு எத்தனை நிமிஷம்

காலேஜ் விட்டதும் ஒவ்வொரு தெருக்குழாயாகப் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். எங்கள் சந்தில்தான் குழாய் மிக மோசம். விடிகாலையில் குடத்தை வரிசையில் வைத்தால் என் மனைவி திரும்பிவர எட்டு மணி ஆகும்.

"உங்க சாருக்கு வேற சோலியே இல்லையா? என் குடத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றாள் ஒரு நாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கத்தை பேப்பரை டைப் செய்யக் கொடுத்தார். எண்களாகவே இருந்தது. மூன்றாவது பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் பகுதியில் இரண்டு பைப்லைன்கள் தனித்தனியாக வந்து மொட்டையாக முடிகின்றன. அந்த இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டால் வளையமாகிவிடும், தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். புது டேங்க் வேண்டாம், மோட்டார் வேண்டாம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் மராமத்து கமிட்டியில் உறுப்பினராக இல்லாதவர் கொடுக்கும் பேப்பர் என் பீரோவைத் தாண்டிப் போகாது. அதனால் சார் கமிட்டித் தேர்தலுக்கு நின்றார்.

3. மூட்டையில் போடுகிற எண்

கமிட்டிக்குக் கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். கடைசியில் வருகிறவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவோம். பலருக்கும் தலை சுற்றியது. "எங்க நாட்டுல இப்படித்தான் ஓட்டு" என்று சொல்லி, தன்னை எதிர்த்து நின்றவர்களுக்கும் சாயா வாங்கிக் கொடுத்து விளக்கினார் ஐரிஷ் சார்.

எண்ணிக்கையில் எல்லா இடமும் நிரம்பி, ஒன்று மட்டும் பாக்கி. ஐரிஷ் சாரும், வேறு வார்டைச் சேர்ந்த பாஸ்கரனும் சரிசமம். சந்தேகம் என்று தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு சீட்டைத் தேர்தல் ஆபீசர் மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதெந்தா? நம்பர் அல்லல்லோ, அக்ஷரம். ஆரோ பேரு எழுதி வெச்சிருக்கு. செல்லாது. நமுக்கு சீட்டுக் குலுக்கிப் போடாம்" என்றார். எண் இல்லை, எழுத்து, அதனால் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம் என்று அர்த்தம்.

க, உ, ங என்பது போலத்தான் இருந்தது. எனக்கோ பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவை ௧, ௨, ௩. தமிழ் எண்கள். எங்கள் கவுன்சிலில் மிளகு, ஏலம் விற்கிற மலஞ்சரக்குக் கடை வைத்திருந்த வயதான ராவுத்தர் ஒருவர் இருந்தார். மிளகு மூட்டையில் இப்படித்தான் எண் போடுவார். எண்ணால் எழுதச் சொன்னார்கள், அவருக்குக் கை பழகிய எண்ணை எழுதிவிட்டார். ௧ இருந்தது பாஸ்கரன் பெயருக்கு எதிரே.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஓட்டு செல்லும் என்றால் சார் தோற்பார். செல்லாது என்றால் குலுக்கலில் பாதி வாய்ப்பாவது உண்டு. என் சந்துக்குத் தண்ணீர் வர அந்தப் பாதி போதும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியது ஆபீசர், எனக்கென்ன என்றும் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிரே நின்ற ஐரிஷ் சார் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கணேசன், இது என்ன?"

"தமிழ் நம்பர் சார்" என்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஆபீசர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எண் என்றுதான் இருந்தது, எந்த மொழி எண் என்று இல்லை. "சாரே, இது கூட்டினா சார் தோற்கும்" என்றார் தயக்கத்தோடு.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். எண்ணுங்க."

ஒரு ஓட்டில் தோற்றார். அங்கேயே, டைப் செய்த பேப்பர் கத்தையைப் பாஸ்கரன் கையில் கொடுத்து, "இனி இது உங்க வேலை" என்றார். பாஸ்கரன் அதைக் கமிட்டியில் எடுத்துப் பேசுவதற்குள் நான்கு வருஷம் ஓடிவிட்டது. எண்பதுகள் பிறந்த பிறகுதான் முனைகளைச் சேர்த்தார்கள். அதுவரை என் மனைவி வரிசையில் நின்றாள்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அவரைப் பிடித்தேன். மனது பொறுக்கவில்லை.

"சார், பாத்த உடனேயே எனக்குத் தெரிஞ்சிருச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

"தெரியும். உங்க முகத்துல இருந்தது."

"அப்போ உங்களுக்கும் அந்த நம்பர் தெரியுமா?"

"நான் தமிழ் படிச்சதே அந்த மூட்டைங்களைப் பாத்துத்தானே."

"பின்னே நீங்களே சொல்லியிருக்கலாமே. ஏன் எங்கிட்ட கேட்டீங்க?"

"கேண்டிடேட் சொன்னா தர்க்கம். கிளார்க் சொன்னா ரெக்கார்ட்" என்று குடையை விரித்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

அவரைப் போல ஒரு மனிதரை என் சர்வீஸில் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை எத்தனையோ தேர்தல்களில் சீட்டு எண்ணினேன், யாரும் கேட்பதற்கு முன்பே தெரிந்ததைச் சொன்னேன். இப்போது அந்த மேஜையில் உட்காருகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்வேன். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எல்லா மேஜைக்கும் எதிரே ஐரிஷ் சார் நிற்கமாட்டார்.