வண்டலை எங்கே கொட்டுவது

அன்று காலையில் குளத்தங்கரையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் கொழுந்தனார், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், பொள்ளாச்சியிலிருந்து ஜேசிபி ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர். ஐந்தே பேர். பிறகு எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

எங்கள் தோட்டம் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே, கேரளத்துப் பக்கம். மேட்டில் தென்னை, பள்ளத்தில் ஒரு துண்டு நெல் வயல், நடுவில் குளம். குளம் எங்களுக்கும் பெரியவருக்கும் பொது. அதில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும். இரண்டு கோடையாகக் கிணறு வறண்டு, லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு விட்டோம். குளம் பாதிக்கு மேல் தூர்ந்து கிடந்தது. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் தூர் வாராவிட்டால் அடுத்த கோடையில் மரங்கள் நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

தூர் வாருவது இங்கே புதிதல்ல. சித்திரையில் குளம் காய்ந்ததும் வண்டலை வெட்டி வயலில் பரப்புவோம். வயலுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. முன்பு ஆளும் கூடையுமாகச் செய்த வேலை. இப்போது ஆள் கிடைப்பதில்லை, அதனால் ஜேசிபி. கொழுந்தனாருக்குக் கம்பெனியில் லீவு கிடைப்பது விஷுவுக்குத்தான் என்பதால் அந்த லீவு நாட்களிலேயே வைத்துக்கொண்டோம்.

நான் எட்டாவதோடு நின்றவள். தமிழ் படிப்பேன், மலையாளம் எழுத்துக் கூட்டுவேன். சட்டம் தெரியாது, பயப்பட மட்டும் தெரியும். முந்தின நாளே வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“ஏனுங்க, ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்களா?”

“நம்ம கொளத்துல மம்முட்டி போடறதுக்கு யாரக் கேக்கறது? மழை பேஞ்சாலும் பயப்படற, பேயலீன்னாலும் பயப்படற. உனக்குன்னு ஒரு வானத்தத்தான் செய்யோணும்.”

கொழுந்தனார் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வெயில் ஏறுவதற்குள் குளத்தில் கால்வாசி வாரியாயிற்று. கறுப்பு வண்டல் வயலில் குவியல் குவியலாகக் கிடந்தது. அப்போதுதான் ஜீப் வந்தது. வில்லேஜ் ஆபீசர் அம்மாவும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். அந்த அம்மா முதலில் வயலைப் போட்டோ எடுத்தார், பிறகு ஜேசிபியை. குளத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

“இது நிலமாணு. டேட்டா பேங்கில உள்ளதாணு. இதில மண்ணு போட்டா நிகத்தல்,” என்றார்.

நிலம் என்றால் இங்கே நெல் வயல், நிகத்தல் என்றால் மூடுவது. நெல் வயலையும் குளத்தையும் மண் போட்டு மூடக்கூடாது என்பது இங்கே சட்டம். அந்த நிலங்களின் பட்டியலைத்தான் டேட்டா பேங்க் என்பார்கள். அந்தச் சட்டம் வந்தபோது சந்தோஷப்பட்டவள் நான். அது இல்லாவிட்டால் எங்கள் குளம் என்றைக்கோ வீட்டு மனையாகியிருக்கும். இப்போதும் அது தப்பான சட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மூடறதில்லீங் அம்மா, தூர் வாருறமுங்க. கொளத்து மண்ணுதானுங்க இது,” என்றார் என் வீட்டுக்காரர்.

“லீவு நாளில ஜேசிபி கொண்டுவந்தவங்க எல்லாரும் இதுதான் பறஞ்சது. ஆபீஸ் பூட்டியிருக்கும்னு நோக்கித்தானே வர்றது? நான் விட்டுட்டுப் போனா நாளைக்கு என்ட ஜோலி போகும்.”

வயலைத் திருட்டுத்தனமாக மூடுகிறவர்கள் லீவு நாளில்தான் மூடுவார்களாம். அதற்காகவே லீவு நாளில் ஜீப் சுற்றுமாம். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்குக்கூட அது தோன்றவில்லை.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தூர்ந்து போனாக் குத்தமில்லையாமா, வாருனாத்தான் குத்தமாமா. செரி. அந்த லாரித் தண்ணிக்காரனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கப்பா, அவந்தான் பொழச்சான்.”

வேலையை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் மெமோவில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ஜேசிபியை ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனார்கள். பொள்ளாச்சி டிரைவரே ஓட்ட, ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் நடந்த நடையை எழுதினால் முடியாது. விவசாய ஆபீசான கிருஷி பவனில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். தூர் வார வேண்டியதுதான், ஆனால் முதலில் மனு கொடுத்திருக்க வேண்டும், கமிட்டி கூடிப் பார்க்க வேண்டும் என்றார்கள். மனு கொடுத்தோம். கமிட்டி கூடவில்லை. பாலக்காட்டு ஆபீசுக்குப் போனால் பைல் வில்லேஜில் என்பார்கள், வில்லேஜில் கேட்டால் பாலக்காட்டில் என்பார்கள்.

மழைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஓர் உத்தரவு வந்தது. வயலில் கொட்டிய மண்ணை அப்புறப்படுத்தி, பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜேசிபியை விடுவது பற்றிப் பேச்சு.

“எங்க கொண்டுபோயிக் கொட்டறதுங்க?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“புறத்த கொண்டுபோகணும்னா பாஸ் வேணும். ஜியாலஜி ஆபீஸ்ல அப்ளிகேஷன் கொடுக்கணும்.”

“அதுக்கு எத்தன நாளாகுமுங்க?”

அவர் அடுத்த பைலை எடுத்து விரித்தார். அந்த முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது. கோபம் இருந்தால் தணியும் என்று காத்திருக்கலாம்.

ரோட்டுக்குக் கொண்டுபோனால் பாஸ் வேண்டும். வயலில் விட்டால் குற்றம். தென்னைக்கடியில் போடலாமா என்று கேட்டதற்கு, சர்வே பார்த்து எழுதித் தரவேண்டும் என்றார்கள். பாஸ் இல்லாமல் அந்த வண்டல் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு பெண்களைக் கூலிக்குக் கூப்பிட்டு, நானும் அவர்களுமாகக் கூடையில் அள்ளிக் குளத்திலேயே கொட்டினோம். வீட்டுக்காரர் கரையில் நின்று கொட்டிய மண்ணை மண்வெட்டியால் சமன் செய்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். சொல்லவில்லை. வயல் சுத்தமானதும் அந்த அம்மா வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் ஜேசிபியை விட்டார்கள்.

அந்த வருஷம் மழை குறையில்லாமல் பெய்தது. குளத்தில் முழங்கால் அளவுதான் நின்றது. மீதியெல்லாம் வழிந்து ஓடையில் போனது. தை முடியுமுன் கிணறு அடியைக் காட்டியது. மேட்டு வரிசைத் தென்னைகள் மட்டை தொங்கி, கொண்டை சாய்ந்தன. பட்ட மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்றோம். அந்தப் பணத்தைக் கொழுந்தனார் நேரே ஜேசிபி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வண்டி ஸ்டேஷனில் நின்ற நாட்களுக்கெல்லாம் வாடகை எங்கள் தலையில்தானே.

போன மாதம் அனுமதி வந்துவிட்டது. முத்திரையோடு ஒரு தாள். குளத்தை ஆழப்படுத்தலாம், வண்டலைத் தென்னைக்கடியில் பரப்பலாம், எல்லாம் இடவப்பாதி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் போன் மேல் போன் போட்டார். எங்கள் குளத்துக்கு என்றால் யாரும் வண்டி தருவதில்லை. பழைய ஜேசிபி முதலாளியே கடைசியில் பேசினார்.

“தாள் இருக்குதுன்னு சொல்றீங்கொ, செரி. எனக்கும் ஒரு தாள் பாக்கி இருக்குதுங்கொ. அதத் தீருங்கொ, மக்கா நாளே வண்டி அனுப்பறனுங்கொ.”

மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. மரம் விற்ற பணம் போக இன்னும் எழுபத்து நாலாயிரம் ரூபாய் அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.