மந்திரக்காரி ஆக மாட்டேன்

முழுப்பரீட்சை விடுமுறைக்குப் பெரியநாயக்கன்பாளையத்துச் சித்தப்பா வீட்டுக்குப் போனால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது. அவருடைய பட்டறைக் கணக்குக்காக வாங்கியிருந்த கம்ப்யூட்டர் முன்னால்தான் கிடப்பேன். அந்த வருடம், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகனும் வந்திருந்தார். அண்ணன் கொண்டுவந்த சிடியில், இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு. ஆடத் தொடங்கும் முன் நமக்கென்று ஓர் ஆளை உருவாக்க வேண்டும். கொடுக்கப்பட்ட புள்ளிகளை மந்திரத்தில் போடலாம், அல்லது இயந்திரத்தில் போடலாம். இரண்டையும் கலந்தால் இரண்டுமே உருப்படாது. பெரிய மந்திரவாதி பக்கத்தில் வந்தாலே ரயில்கூட நின்றுவிடும்.

எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. நீராவித் துப்பாக்கி, தானாக நடக்கும் இரும்புச் சிலந்தி என்று காலை முழுக்க உட்கார்ந்து ஒருத்தியை உருவாக்கினேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் அவளை அழித்துவிட்டார். அங்கே வெள்ளை அங்கி போட்ட ஒரு மந்திரக்காரி நின்றாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மெசினு? அத நான் பாத்துக்கறேன். எனக்கு அடிபட்டா நீ மந்திரம் போட்டு ஆத்து, போதும்."

உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. இவருக்கு மருந்து போடவா நான் பிறந்தேன்? கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து சித்தி ஓடிவந்தார். அழுகைக்கு நடுவே நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, அவ மெசினு கேட்டா மெசினையே குடுத்துப்போடேன்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க சித்தி. நீங்க போயி அடுப்பப் பாருங்க" என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சித்தியின் முகம் மாறியது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"அப்ப ஒருத்தரும் ஆட வேண்டாம்."

இது என்ன நியாயம்? எனக்காகப் பேச வந்தவர் என் ஆட்டத்தையும் சேர்த்தல்லவா முடித்துவிட்டார்! மதியம் நான் சாப்பிட மறுத்தேன். சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பா விஷயத்தைக் கேட்டுச் சித்தியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னுமா அம்மணி அத மறக்காம வெச்சிருக்கற?" என்றார். சித்தி அவர் தட்டில் ரசத்தை ஊற்றினார்.

பட்டறை தொடங்கிய புதிதில் இரும்பைக் கடையும் லேத் மெஷினில் நின்று வேலை செய்தது சித்திதான் என்பதையும், தொழில் வளர்ந்து ஆட்கள் சேர்ந்ததும் "பொம்பளைக்கு இனி இங்க என்ன வேலை" என்று அவரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் இன்ஜினியரிங் முடித்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணனோடு அன்று சாயங்காலமே ராசியாகிவிட்டேன். சித்தியோடுதான், ஊருக்கு பஸ் ஏறும்வரை பேசவில்லை.