இடுப்பில் கத்திய தாயத்து

கூட்டேரிப்பட்டு டீக்கடை நண்பர்களுக்கு,

விமான நிலையச் சோதனை வாசலில் இன்று ஐந்து முறை நுழைந்தேன். ஐந்து முறையும் அது கத்தியது. வாட்ச், சாவி, சில்லறை எல்லாம் கழற்றியாகிவிட்டது.

காவலர் கைக்கருவியால் தடவினார். இடுப்பில் கத்தியது.

"அரணாக்கயிறு சார். மயிலம் கோயில்ல என் சம்சாரம் கட்டுன வெள்ளித் தாயத்து."

"கழட்டுய்யா."

முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

"அறுத்துடு. பின்னால ஜனம் நின்னுக்கினு இருக்குது, ஜல்தி!"

"ஐயோ, பொணத்துக்குத்தான் சார் அறுப்பாங்க!"

அதற்குள் கடைசி அழைப்பு வந்துவிட்டது. இந்த விமானத்தை விட்டால் அவ்வளவுதான், விசா நாளையோடு முடிகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபத்தான பொருள் என்று என் பையிலிருந்து பிடுங்கிய சவர பிளேடைக் காவலரே எடுத்து நீட்டினார்.

அறுத்தேன்.

தாயத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். பிளேடை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

விமானம் இன்னும் கிளம்பவில்லை. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். துபாயில் இறங்கியதும் தபாலில் போடுவேன். என் வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அறுத்துக் கட்டிய கயிறு காக்குமா? விவரம் தெரிந்தவர்கள் பதில் போடுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால், காக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.